காதைக் கடித்த விரால்

என் வாழ்நாளில் நான் தூண்டில் போட்டுப் பிடித்த ஒரே உயிரினம் நான்தான். திருநின்றவூர் ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதன்முதலாகத் தூண்டிலைத் தலைக்கு மேல் சுழற்றி வீசியபோது, முள் தண்ணீருக்குப் போகாமல் என் இடது காது மடலில் பாய்ந்து நின்றுவிட்டது. புழு அப்போதும் அதில் நெளிந்துகொண்டிருந்தது. புழுவோடும் நூலோடும் மூங்கில் கழியோடும் கடைத்தெரு வழியாக நடந்து ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். "நூலை அறுத்துட்டு, கழிய கரையிலயே போட்டுட்டு வந்திருக்கலாமே சார்" என்றார் கம்பவுண்டர். எனக்கு அது தோன்றவில்லை. அந்தச் சமயத்தில் நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அளக்கும் வேலையில் இருந்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நுட்பமான ஆள் என்று பெயர்.

அந்த வேலையைப் பற்றித்தான் இப்போது எழுதச் சொல்கிறார்கள். தொழிற்சாலையில் புதிதாக ஒரு இயந்திரம் வந்திருக்கிறதாம். உருப்படியை வைத்தால் சிவப்பு வெளிச்சத்தில் எண் காட்டுகிறது. அதைச் சுற்றி நான்கு பிள்ளைகள் நின்றுகொண்டு, டீ குடித்தபடி, சினிமா பேசியபடி அளக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான், "சார், அந்தக் காலத்து கேஜ் ரூம் எப்படி இருக்கும், எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டார். இயந்திரத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை. பேசிக்கொண்டே அளக்கிறார்களே, அதைப் பார்த்துத்தான் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில். பயிற்சிக் காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் சுருக்கினால் ஒரே வார்த்தைதான் மிஞ்சும்: தொடாதே. இரும்பு சூட்டில் வளரும், குளிரில் சுருங்கும். கைச்சூடு பட்டால்கூட வளரும். அதனால் கேஜ் ரூம் என்ற அந்த அளக்கும் அறையை எப்போதும் இருபது டிகிரியில் வைத்திருப்பார்கள். தொழிற்சாலையிலேயே ஏசி ஓடிய இடம் அது ஒன்றுதான். முதலாளி அறைக்குக்கூடக் கிடையாது. இரண்டு கதவுகள், ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்கலாம். உருப்படிகளை வாங்கிக்கொள்ள சுவரில் ரயில்வே டிக்கெட் கவுண்டர் மாதிரி ஒரு சின்ன திறப்பு. உள்ளே ஒரு ஆளுக்கு மேல் கூடாது. இரண்டாவது ஆள் வந்தால் அவன் உடம்புச் சூடு அளவைக் கெடுத்துவிடும். மனிதத் துணை என்பதே அங்கே ஒரு பிழை. அதைக் கணக்கில் எடுத்துத்தான் அந்த அறையைக் கட்டியிருந்தார்கள்.

என் மேலதிகாரி தேவசகாயம் சார் மட்டும் அவ்வப்போது வருவார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முதல் கதவைத் திறந்து உள்ளே வந்து, இரண்டு கதவுகளுக்கும் நடுவில் கால் மணி நேரம் சும்மா நிற்பார். கண்ணாடி வழியாக நான் பார்த்தால், "ஆறிக்கிட்டிருக்கேன்" என்று சைகை காட்டுவார். உள்ளே வந்த பிறகும் மூச்சுக்காற்று கருவி மேல் படக் கூடாது என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுவார். மரியாதைக்கு நானும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் அவரும் நானும் நிறையவே பேசியிருக்கிறோம். அவர் கண் என்ன நிறம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வேலை முடிந்து போனாலும் நிலைமை ஒன்றும் மாறிவிடாது. திருநின்றவூரில் வாடகை குறைவு என்று ஒரு அறை எடுத்திருந்தேன். பெண் பார்க்க இரண்டு இடங்களுக்குப் போனதில், ஒரு வீட்டில் காபி டம்ளரின் விளிம்பு கோணல் என்று சொல்லித் தொலைத்தேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. படிக்கப் புத்தகங்கள் இருந்தன. அவை பதில் பேசாது.

தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் இன்னும் மோசம். காலையில் எவர் செய்த உருப்படி மேல் சிவப்பு பெயிண்ட் அடித்து ரிஜெக்ட் போட்டேனோ அவர்தான் மதியம் கேண்டீனில் எதிரே வருவார். பெயிண்ட் அடித்த கையோடு சோற்றைப் பிசைகிறவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? கை கழுவும் தொட்டிக்கு அருகே மூலையில் ஒரு நீளமான மேசை. அதன் ஒரு முனையில் நான். மீதி மேசை முழுக்க யாரும் இல்லை.

காதில் கட்டோடு போன அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நல்ல கோடை. அந்த வாரம்தான் என் மேசைக்கு நேர் மேலே புதிதாக ஒரு மின்விசிறி மாட்டியிருந்தார்கள். குளிர் அறையிலிருந்து வருகிற எனக்கு அது பெரிய உபத்திரவம். தயிர்சாதம் காய்ந்து போனது; காதுக்கட்டின் நுனி படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் படபடப்பு கண்ணில் பட்டிருக்க வேண்டும். தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார் ஏழுமலை.

ஏழுமலை உருப்படிகளைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் கிரைண்டிங் மெஷினில் இருந்தவர். அம்பத்தூர் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம். அந்த நிலத்தில் இப்போது தொழிற்பேட்டை நின்றது. "எங்க நெலத்துலதான் சார் மெஷின் ஓட்டிகினு கீறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

"இன்னா சார், காதுல கட்டு?"

தூண்டிலில் என்னையே பிடித்துக்கொண்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "விரால் கடிச்சிடுச்சு" என்றேன்.

அவர் சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார். "விராலு கையக் கடிக்கும், காலக் கடிக்கும். காது தண்ணிக்குள்ள இன்னா பண்ணிகினு இருந்துச்சு?"

"ஆண் விரால் குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும், தெரியுமில்ல? அப்ப ஒரு சத்தம் குடுக்கும்னு படிச்சிருக்கேன். கேக்கலாமேன்னு காதைத் தண்ணில வெச்சேன்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அதுக்குள்ள அதுக்கும் நான் இருக்கறது தெரிஞ்சிடுச்சு."

ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு பின்பக்கம் திரும்பி, "டேய் கன்னியப்பா, இங்க வா. சார் காத விராலு கடிச்சிட்ச்சாம்" என்று கத்தினார். கன்னியப்பன் ஸ்டோர்ஸில் வேலை செய்தவர், வானகரத்துக்காரர். அவர் வந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர் தட்டோடு வந்தார்கள். "எவ்ளோ பெருசு சார்?" என்றார் ஒருவர். கைகளை விரித்தேன். தினமும் கோட்டுக்குள் அளக்கிற கைகள். அன்றைக்கு அவை தாமாகவே இன்னும் கொஞ்சம் அகன்றன. "நாலடி."

"இருக்கும்" என்றார் ஏழுமலை. "திருநின்றவூரு ஏரியா? எங்க மாமியார் ஊட்டு ஏரி சார் அது. அந்த மீனு எனக்கு நல்லாத் தெரியும். ஒரு வகையில மச்சான் மொற."

அன்றிலிருந்து அந்த மேசை நிரம்பியது. என் வாழ்க்கையில் பார்த்த ஒரே திருவிழா என்று சொன்னால் மிகையில்லை.

ஏழுமலையின் மாமனார் அந்த மீனை ஊத்தாவில் பிடித்தாராம். ஊத்தா என்றால் அடியில்லாத மூங்கில் கூடை. சேற்றில் குத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுப்பார்கள். "மாமனாரு கைய உடறதுக்குள்ள அது ஊத்தாவோட கெளம்பிட்ச்சு சார். பாவாடை கட்டினாப்புல மாட்டிகினு மழைக்காலம் பூரா ஏரியில சுத்திச்சு. ஊத்தா தானாப் போயி மீன் பிடிக்குதுன்னு ஊரே கரையில நின்னு கும்பிட்டுச்சு. கூடையத் தொறந்து பாத்தா உள்ள கெண்டையும் கெளுத்தியுமா நெறைய. அதுவே புடிச்சி, அதுவே துன்னுகினு இருந்திருக்குது."

கன்னியப்பனுக்கு அவர் ஊர் மானம் பெரிது. "விராலு இன்னா நைனா விராலு? எங்க வானகரத்துத் தேளி மீனப் பாத்துக்கிறியா? அதுக்கு முள்ளுலயே வெசம். எங்க பெரிப்பா எருமை தண்ணி குடிக்கச் சொல்லோ ஒதட்டுல குத்திட்ச்சு. எருமைக்கு ஒண்ணும் ஆவல. அது பாலுல டீ குடிச்சவனுக்கெல்லாம் நாக்கு மரத்துப்பூட்ச்சு. அன்னிக்கின்னு பாத்து எலெக்சன் மீட்டிங். பேச வந்த ஆளுக்கு அந்த டீதான் குட்த்தாங்க. மேடையேறி வணக்கம்னாரு, எறங்கிட்டாரு. ஜெயிச்சிட்டாரு சார்!"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. பனையேறிக் கெண்டை நிலத்தில் நகரக்கூடியது என்பது உண்மை. அந்த உண்மையை எடுத்துக்கொண்டு, மழைநாளில் ஒரு கெண்டை திருநின்றவூர் பிளாட்பாரத்தில் ஏறி, எனக்கு முன்னால் பெட்டிக்குள் போய், ஆவடியில் இறங்கிக்கொண்டது என்றேன். "டிக்கெட்டு?" என்றார் ஏழுமலை. "டிக்கெட் பரிசோதகர் வந்தப்ப செத்த மாதிரி கிடந்துச்சு. என் சாமான்னு நினைச்சு என்கிட்டதான் லக்கேஜ் கேட்டார்" என்றேன். தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட ஈரக் கையோடு நின்று சிரித்தார்கள்.

ஆனால் எல்லாரும் காத்திருந்தது விராலுக்குத்தான். அது வாரா வாரம் ஏதாவது செய்தது. வாத்து மேய்க்கிறவரின் வாத்துகளை எண்ணிவைத்துக்கொண்டு, ஒற்றைப்படையில் வருகிற நாள் பார்த்து ஒன்றை எடுத்தது. தொழிற்சாலைச் சங்கு ஊதும்போது மட்டும் புழுவைத் தின்றது. தூண்டில் முள்ளைத் துப்பிவிட்டுக் கரையைப் பார்த்து வாயைக் கொப்பளித்தது. நீளமும் கூடிக்கொண்டே போனது. தொழில் பழக்கம் விடுமா? பொய்க்கும் ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்கு ஒரு விரல் அகலத்துக்கு மேல் வளரக் கூடாது.

"போன வாரம் அஞ்சடின்னீங்களே சார்" என்பார் கன்னியப்பன்.

"நடுவுல மழை பேஞ்சுதே" என்பேன்.

"ஆமா டா, மழைக்கு வளரும்" என்று எனக்காகச் சாட்சி சொல்வார் ஏழுமலை.

மறு வருஷக் கோடையில் வந்தது ஒரு வம்பு. விரல் பருமனில் ஒரு பெட்டி நிறைய எஃகு உருளைகள்; ஊசி என்போம். ஒரு இயந்திரத்தின் மூட்டுகளில் பொருந்தப் போகிறவை. அவசர வேலை. ஏழுமலையிடம் கொடுத்திருந்தார்கள். அவர் பெயர் சார்ஜ்ஹேண்ட், அதாவது மேஸ்திரி, பதவிக்குப் போயிருந்த சமயம் அது. அன்றைக்குப் பார்த்து மெஷினில் தண்ணீர் அடிக்கிற பம்ப் சரியாக ஓடவில்லை. ஊசிகள் சுடச்சுட இறங்கின. அவசரத்தில் சூட்டோடே அளந்து, சரியாக இருக்கிறது என்று திறப்பு வழியாக என்னிடம் தள்ளிவிட்டார்.

இதில் செய்ய வேண்டிய முறை ஒன்று உண்டு. வந்த உருப்படியை உடனே அளக்கக் கூடாது. தட்டையான பெரிய இரும்புப் பலகை மேல் பரப்பி வைத்து, மறுநாள் காலை வரை ஊற விட வேண்டும். அறையின் குளிரும் அதன் குளிரும் ஒன்றாக வேண்டும். பிறகு ஸ்லிப் கேஜ் என்ற எஃகுக் கட்டிகளைப் பெட்ரோலில் துடைத்து, மான்தோலால் ஒற்றி, ஒன்றின் மேல் ஒன்றை லேசாக அழுத்தி நகர்த்த வேண்டும். பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு சமம். அந்த உயரத்துக்குக் கருவியின் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு, கட்டியை எடுத்து ஊசியை வைத்தால், முள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

முள் கோட்டுக்குக் கீழே போய் நின்றது. ஊசிகள் சூட்டில் சரியாக இருந்திருக்கின்றன, ஆறியதும் மெலிந்துவிட்டன. தலைமுடியை இருபதாக வகுந்தால் அதில் ஒரு பங்கு. பெருத்திருந்தால் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். மெலிந்ததை என்ன செய்ய முடியும்? கட்டிகளைப் பிரித்து, மறுபடி துடைத்து, மறுபடி ஒட்டினேன். வேறு ஊசி எடுத்தேன். வேறு இடுக்கி எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முள் அங்கேயேதான் நின்றது. ஒரு முள்ளிடம் நான் அவ்வளவு கெஞ்சியது, காதில் பாய்ந்ததற்கு அப்புறம் அதுதான்.

திறப்பில் ஏழுமலையின் முகம் தெரிந்தது. "இன்னா சார்?"

தலையை ஆட்டினேன்.

"எவ்ளோ?"

சொன்னேன்.

அவர் திறப்புக்குள் குனிந்து, மெல்லிய குரலில் சொன்னார். "சார், மீனுக்கு மட்டும் வாரா வாரம் ஒரு வெரலு உடுறீங்க. நான் ஒரு முடி கூடக் கேக்கல சார். முடியில ஒரு சிம்பு. அத்த உடக் கூடாதா?"

"மீனை யாரும் மெஷின்ல மாட்டப் போறதில்ல ஏழுமலை."

சொன்னபோது நல்ல பதிலாகத்தான் தெரிந்தது. அவர் முகம் திறப்பிலிருந்து விலகியது. கதவுக் கண்ணாடி வழியாக அவர் முதுகு போவதைப் பார்த்தேன்.

மொத்தமாகத் தள்ளுவதென்றால் இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒருவர் அளவை மற்றவர் பார்க்கக் கூடாது. தேவசகாயம் சார் வந்தார். கதவுகளுக்கு நடுவில் நின்று ஆறினார். உள்ளே வந்து அளந்தார். ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கவிழ்த்து வைத்தோம். திருப்பினோம். அவர் வேறு எண் எழுதியிருக்க வேண்டுமென்று அவ்வளவு ஆசைப்பட்டேன். ஒரே எண்.

"பெயிண்ட் அடிச்சிடு" என்றார் சுவரிடம். கதவு வரை போனவர் நின்றார். "உன் விரால் இப்ப எத்தனை அடிப்பா?"

அவருக்கு எப்படித் தெரியும் என்று திகைத்து, "ஆறு சார்" என்றேன் என் சுவரிடம்.

"எந்த டிகிரியில?"

என் கண் தானாக வெப்பமானிக்குப் போனது.

"கோடைல ஏரித் தண்ணி சுடும். அதுலயே ஆறடின்னா, இங்க கொண்டுவந்து ஊறவெச்சா கொஞ்சம் குறையும். இனிமே சுமார் ஆறடின்னு சொல்லு."

போய்விட்டார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே வேடிக்கை அதுவாக இருக்கலாம். முகத்தைப் பார்த்திருந்தால் உறுதியாகத் தெரிந்திருக்கும். நான் உட்கார்ந்து, ஒவ்வொரு ஊசியாக எடுத்து, அதன் தலையில் சிவப்புப் புள்ளி வைத்தேன்.

மறுநாள் மதியம் மேசையில் நான் மட்டும் இருந்தேன்.

ஏழுமலை வரவில்லை. கன்னியப்பன் வரவில்லை. ஒருவரும் வரவில்லை. மின்விசிறியைக்கூடக் கழற்றி எங்கேயோ கொண்டுபோயிருந்தார்கள். மேலே வெறும் கொக்கி தொங்கியது. அதன் கீழே நான். காட்சி பொருத்தமாகத்தான் இருந்தது. சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் உண்டு. அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏழுமலையின் சிரிப்பு தனியாகத் தெரியும். கூப்பிடாத இடத்துக்குப் போவதில்லை என்று தயிர்சாதத்தை முடித்துக்கொண்டு எழுந்தேன்.

அப்படியே வருஷங்கள் போயின. ஏழுமலைக்கு அந்த முறை பதவி கிடைக்கவில்லை. அடுத்த முறை கிடைத்தது. திறப்பில் உருப்படி வைக்கும்போது, "வணக்கம் சார்" என்பார். மனம் கசந்த மனிதர் இவ்வளவு மரியாதையாக இருக்கிறாரே என்று எனக்கு இன்னும் வருத்தமாகும். விரால் அந்த வருஷங்களில் வளரவே இல்லை. கேட்க ஆளில்லாவிட்டால் மீன் வளராது. எப்போதாவது ஒரு நல்ல கதை தோன்றினால் தேவசகாயம் சாரின் சுவரிடம் சொல்லிப் பார்ப்பேன். அவரும் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைக்குப் போவதை மட்டும் விடவில்லை. நூலில் முள் கட்டாமல் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். மீன்களுக்கும் நல்லது, காதுக்கும் நல்லது. பார்க்கிறவர்கள் மீன் பிடிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்க மாட்டார்கள்.

குளிர் மூட்டுகளில் இறங்கிவிட்டதால் வயது வருமுன்னே ஓய்வு வாங்கிக்கொண்டேன். போன மாதம் ஏழுமலை என் அறை தேடி வந்தார். தலை நரைத்திருந்தது. மகள் கல்யாணப் பத்திரிகை. திருநின்றவூரில், மாமியார் ஊரிலேயே மண்டபம். உள்ளே வந்ததும் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நான் காட்டிய நாற்காலியைத் தூக்கி மேசை விசிறிக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவசியம் வரணும் சார். என் மச்சானும் உங்களப் பாக்கணும்னான். அவன்தான் உங்க காதுல முள்ளு எடுத்தவன், கம்பவுண்டரு. கழியோட நடந்தே போனீங்களாமே?"

எனக்குக் காது சுட்டது. "அது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கே தெரியும். ஞாயித்துக்கெழமை சாய்ங்காலமே ஊடு தேடி வந்து சொல்லிட்டான்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான். அதனால இன்னா சார்? நல்லா சொன்னீங்க."

இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது என்று, இத்தனை வருஷமாக அடக்கி வைத்ததைக் கேட்டுவிட்டேன். "அந்த ஊசிகளை நான் ரிஜெக்ட் போட்டிருக்கக் கூடாதோ ஏழுமலை?"

"எந்த ஊசி?"

நினைவுபடுத்தினேன். யோசித்துப் பார்த்தார். "அதுவா? ஒரு நாள் ரெண்டு நாள் கடுப்பா இருந்துச்சு. மெஷின்காரனுக்கு ரிஜெக்ட் வராமயா சார்?"

"அப்புறம் ஏன் ஒருத்தரும் என் மேசைக்கு வரல?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். விசிறியைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

"ஃபேனைக் கழட்டிட்டாங்களே சார். ரிப்பேருக்குன்னு எடுத்துகினு போயி ஆபீசருங்க பக்கம் மாட்டிட்டானுங்க. அந்த மூலையில எவன் குந்தி வேவுறது? நாங்க மரத்தாண்ட பூட்டோம். உங்களுக்கும் ஒரு கல்லு போட்டுத்தான் வெச்சிருந்தான் கன்னியப்பன். நீங்க வரவே இல்ல. சரி, ஏசி ரூம்காரருக்கு மரத்தடி ஒத்துக்காதுன்னு அதுமேல தண்ணிப் பானைய வெச்சிட்டோம்."